குளத்து நுண்விலங்குகள்: கொங்கு நாட்டுக் குளம், குட்டை, மீன்பண்ணை வைத்திருப்போர் கேட்கும் கேள்விகள்

மீன்குஞ்சு வளர்ப்போர், பண்ணைக்குட்டை வெட்டியவர்கள், குளங்களைக் கவனித்து வரும் தன்னார்வலர்கள், விலங்கியல் மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தண்ணீரின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், வலையில் என்ன விழுகிறது என்று பாருங்கள் என்பதே பல பதில்களுக்கும் அடிப்படை.

ரோட்டிஃபர் என்பது என்ன? வெறுங்கண்ணுக்குத் தெரியுமா?

தலைப்பக்கம் மயிரிழைகள் வளையமாக அமைந்த நுண்விலங்கு. அந்த இழைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துடிக்கும்போது சக்கரம் சுழல்வது போலத் தெரியும். அந்தத் துடிப்பில் எழும் நீரோட்டம் பாசியையும் பாக்டீரியாவையும் வாய்க்குள் தள்ளும், உள்ளே இருக்கும் கடினமான தாடை அரைக்கும். பெரும்பாலானவை 0.1 முதல் 0.5 மி.மீ. நீளம். ஏறத்தாழ ஆயிரம் செல்கள் கொண்ட முழு விலங்கு இது. வயிறு, மூளை, கழிவுக் குழாய் எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். உலகில் சுமார் 2,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன.

வெறுங்கண்ணுக்குத் தூசு அளவில்தான் தெரியும். கண்ணாடி டம்ளரில் குளத்து நீரை மொண்டு வெயிலுக்கு எதிரே பிடித்தால், துள்ளாமல் மெதுவாக மிதந்து நகரும் வெண்புள்ளிகளில் பல ரோட்டிஃபர்களாக இருக்கும்.

அதே டம்ளரில் துள்ளுபவை யார்?

அசைவை வைத்தே பிரிக்கலாம். நின்று நின்று மேலே எகிறி, பிறகு மெல்ல இறங்குவது நீர்த்தெள்ளு. டாப்னியா, மொய்னா, டயாபனோசோமா எல்லாம் இந்த வகை. சட்டென்று நேர்கோட்டில் பாய்ந்து நிற்பது கோப்பிபாட். அதன் பெண், வாலின் பக்கத்தில் முட்டைப்பை சுமக்கும். சைக்ளாப்ஸ் வகைக்கு இரண்டு பை, டயாப்டோமஸ் வகைக்கு ஒன்று. அடிமண்ணுக்கும் சுவருக்கும் இடையே உருண்டு திரியும் அவரை விதை வடிவத்துச் சிறு உயிர் ஆஸ்ட்ரகாட்.

ரோட்டிஃபர் அளவே இருந்து விட்டுவிட்டுத் துடித்தால் அது கோப்பிபாட்டின் குட்டியான நாப்லியஸ். கோப்பிபாட் ஆறு நாப்லியஸ் நிலைகளையும், அதன்பின் ஐந்து இளநிலைகளையும் கடந்துதான் முதிர்கிறது. அதனால் அது பெருக வாரக்கணக்காகும். ரோட்டிஃபருக்கு நாள் கணக்கு போதும். இந்த வேக வித்தியாசம்தான் மீன்குஞ்சுக் குட்டையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நம் பக்கத்துச் சமவெளிக் குளங்களில் பெரிய டாப்னியா அதிகம் தென்படுவதில்லை. தண்ணீர் சூடு ஒரு காரணம், கண்ணில் பட்டதைத் தின்னும் மீன்கள் இன்னொரு காரணம். ஒரு மி.மீ.க்கு உட்பட்ட மொய்னாவும் டயாபனோசோமாவும் செரியோடாப்னியாவும்தான் இங்கே அதிகம்.

பிளாங்டன் (நீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்கள்) பிடிக்கும் வலை விலை அதிகம். வீட்டிலேயே தைக்க முடியுமா?

முடியும். திருப்பூரில் பனியன் மேல் அச்சடிக்கும் ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறைகளுக்குப் பொருள் விற்கும் கடைகளில் பாலியஸ்டர் வலைத்துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும். செ.மீ.க்கு எத்தனை நூல் என்ற எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். துளையின் அளவை நீங்களே கணக்கிடலாம்: 10,000 மைக்ரானை நூல் எண்ணிக்கையால் வகுத்து, அதிலிருந்து நூலின் தடிமனைக் கழிக்க வேண்டும். 120 எண் துணியில் நூல் 34 மைக்ரான் என்றால் துளை ஏறத்தாழ 49 மைக்ரான். 77 எண், 55 மைக்ரான் நூல் என்றால் 75 மைக்ரான். 43 எண், 80 மைக்ரான் நூல் என்றால் சுமார் 150 மைக்ரான். நெய்து இறுக்கியபின் அசல் துளை இதைவிடச் சற்றுக் குறையும். சில கடைகளில் அங்குலக் கணக்கில் எண் சொல்வார்கள். அதை 2.54ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டிஃபருக்கு 120 எண். நீர்த்தெள்ளும் கோப்பிபாட்டும் மட்டும் போதும் என்றால் 43 எண். வளையத்தின் விட்டம் 25–30 செ.மீ., பையின் நீளம் அதைப்போல் மூன்று மடங்கு. அடியில் 100 மி.லி. பாட்டிலைக் கட்டிவிடலாம். தையல் ஓட்டைகள் வழியாகத்தான் பாதி உயிர் நழுவும். மெல்லிய ஊசியால் இரட்டை மடிப்புத் தையல் போட்டு, மேலே சிலிக்கான் பசை தடவுங்கள். கொசுவலையைத் தைத்துவிட்டு "எங்கள் குளத்தில் ஒன்றுமே இல்லை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கொசுவலையின் துளை ஒரு மி.மீ.க்கு மேல்.

எங்கே, எந்த நேரத்தில் எடுக்க வேண்டும்?

பகலில் மீனுக்குப் பயந்து பல நீர்த்தெள்ளுகளும் கோப்பிபாட்களும் கீழே இறங்கிவிடும், இருட்டியபின் மேலே வரும். பவானிசாகர், ஆழியாறு போன்ற ஆழமான அணைகளில் இது மீட்டர் கணக்கில் நடக்கும். இரண்டு மீட்டர் குளத்தில் செடி மறைவுக்கும் அடிமட்டத்துக்கும் ஒதுங்கும். ஆகவே நண்பகலில் மேல்நீரை மட்டும் எடுத்து எண்ணினால் கணக்கு குறைவாகவே வரும். காலை 6–8 மணிக்குள், எப்போதும் ஒரே நேரத்தில் எடுங்கள்.

காற்று நுண்ணுயிர்களை ஒரு கரைக்கு ஒதுக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் கோவை, பல்லடம் பக்கத்துக் குளங்களின் கிழக்குக் கரையில் பச்சை ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கரையில் எடுத்தால் ஏமாறுவீர்கள். மூன்று நான்கு இடங்களில் வாளியால் மொண்டு மொத்தம் 50 லிட்டரை வலையில் ஊற்றுங்கள். பச்சை அடர்ந்த நீரில் 120 எண் துணி அடைத்துக்கொண்டு தண்ணீர் விளிம்பு வழியாக வழியும். மெதுவாக ஊற்றி, வெளிப்புறமிருந்து நீரடித்துக் கழுவிவிட்டுத் தொடருங்கள்.

எண்ணுவது எப்படி?

வலையில் நின்றதை 50 மி.லி.க்குச் சுருக்குங்கள். அதை நன்றாகக் கலக்கி, 1 மி.லி. கொள்ளும் செட்ஜ்விக்-ராஃப்டர் தட்டில் விடுங்கள். அது 50 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழம் கொண்ட கண்ணாடித் தட்டு. நுண்ணோக்கியில் முழுத் தட்டையும் எண்ணுங்கள்.

லிட்டருக்கு எத்தனை = (1 மி.லி.யில் எண்ணியது × சுருக்கிய மி.லி.) ÷ வடிகட்டிய லிட்டர்.

1 மி.லி.யில் 40 இருந்தால், 40 × 50 ÷ 50 = லிட்டருக்கு 40. குறைந்தது மூன்று தட்டு எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். கலக்காமல் எடுத்தால், அடியில் தங்கும் கோப்பிபாட்கள் ஒரு தட்டில் குவிந்து அடுத்ததில் காணாமற்போகும்.

பதப்படுத்த, 90 மி.லி. மாதிரியில் கடையில் வரும் 37–40 சதவீத ஃபார்மலின் 10 மி.லி. விடலாம். அதோடு 4 கிராம் சர்க்கரை சேர்த்தால் நீர்த்தெள்ளின் ஓடு உப்பாது, முதுகுப் பையிலுள்ள முட்டைகளும் வெளியே சிந்தாது. ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். திறந்தவெளியில், கையுறையோடுதான் ஊற்ற வேண்டும். வேண்டாம் என்றால் 70 சதவீத எத்தனால்.

ஓடில்லாத ரோட்டிஃபர்கள் ஃபார்மலின் பட்டதும் சுருண்டு, அடையாளம் தெரியாத உருண்டையாகிவிடும். முதலில் குடிக்கும் வெறும் சோடாத் தண்ணீரைக் கால்பங்கு கலந்து சில நிமிடம் மயங்கவைத்துவிட்டுப் பிறகு பதப்படுத்துங்கள்.

இனம் பிரிக்க எதைப் பார்ப்பது?

நம் குளங்களில் முதலில் கண்ணில் படுவது பிரக்கியோனஸ் என்ற ரோட்டிஃபர். தட்டையான ஓடு, முன்விளிம்பில் முட்கள், பின்னால் வளையங்கள் கொண்ட நீண்ட கால். முன்முட்கள் நான்கு இருந்து நடுவிலிருப்பவை சற்று நீண்டிருந்தால் பிரக்கியோனஸ் கலிசிஃபுளோரஸ். சிறிய உடல், இரண்டே குட்டை முட்கள் என்றால் பி. அங்குலாரிஸ். முன்னும் பின்னும் அரிவாள் போல் வளைந்த நீண்ட முட்கள் இருந்தால் பி. ஃபால்கேட்டஸ். நீர்த்தெள்ளின் முதுகில் ஒட்டிச் சவாரி செய்வது பெரும்பாலும் பி. ரூபென்ஸ்.

கால் இல்லாமல், முதுகோட்டில் கட்டங்கள் வரைந்தது போல் இருந்தால் கெரட்டெல்லா. மூன்று நீண்ட தூரிகை மயிர்களோடு துள்ளுவது ஃபிலினியா. முழுக்கக் கண்ணாடிப் பை போலத் தெரிந்து, வயிற்றில் இன்னொரு ரோட்டிஃபரின் ஓடு கிடந்தால் சந்தேகமே வேண்டாம், அது ஆஸ்ப்ளாங்னா. ஓட்டை வைத்து முடிவுக்கு வர முடியாதபோது, தட்டின் ஓரத்தில் நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் ஒரு சொட்டு விடுங்கள். சதை கரைந்து தாடை மட்டும் நிற்கும். உறுதியான அடையாளம் அதில்தான் இருக்கிறது. பொதுவாக 100 மடங்கு பெருக்கம் போதும். தாடைக்கு 400 வேண்டும்.

ஒரே இனம், போன வாரம் முள் இல்லை, இந்த வாரம் நீண்ட பின்முட்கள். கலப்படமா?

இல்லை. ஆஸ்ப்ளாங்னா வந்திருக்கிறது என்று பொருள். அது வெளியிடும் ஒரு வேதிப்பொருளைத் தண்ணீரில் உணர்ந்தால், பி. கலிசிஃபுளோரஸின் அடுத்த தலைமுறை பின்பக்கம் நீண்ட முட்களோடு பிறக்கிறது. ஆஸ்ப்ளாங்னாவால் அதை விழுங்க முடிவதில்லை. ஏற்கெனவே முட்டையிலிருந்து வெளிவந்தவற்றுக்கு முள் வளராது, கருவிலேயே தீர்மானமாக வேண்டும். 1950களில் பிரான்சில் பொஷாம்ப் கவனித்ததையும், 1960களில் அமெரிக்காவில் ஜான் கில்பர்ட் செய்த ஆய்வுகளையும் அடுத்து இது பாடநூல் எடுத்துக்காட்டாயிற்று. குளக்கரையில் வாரம் ஒருமுறை மாதிரி எடுக்கும் மாணவர் யாரும் இதைத் தாமே காணலாம். நல்ல பட்டமேற்படிப்புத் தலைப்பும்கூட.

ஆண் ரோட்டிஃபரே கண்ணில் படுவதில்லையே?

நல்ல காலத்தில் பெண்கள் ஆணின்றியே முட்டையிட்டுப் பெண்களைப் பெறும். 25–30 டிகிரி வெப்பத்தில் பிரக்கியோனஸ் பிறந்து ஓரிரு நாளில் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் ஆயுள் முடியும். நெரிசல் கூடும்போது வேறு வகைப் பெண்கள் தோன்றும். அவற்றின் முட்டை கருவுறாவிட்டால் ஆணாகும். ஆண் மிகச் சிறியது, குடலே கிடையாது, சில நாட்கள்தான் வாழும். கருவுற்றால் தடித்த ஓடுள்ள உறக்க முட்டை உண்டாகும்.

உங்கள் மாதிரியில் பெரிய முட்டை ஒன்றிரண்டு சுமக்கும் பெண்கள் அதிகமானால் கூட்டம் பெருகுகிறது. பொடி முட்டைகள் பலவற்றைச் சுமப்பவை தோன்றினால் ஆண்கள் வரப்போகின்றன. கரும்பழுப்பு முட்டைகள் தெரிந்தால் அந்தக் கூட்டம் மண்ணுக்குள் போகத் தயாராகிவிட்டது.

குளம் எட்டு மாதம் வறண்டு கிடந்தது. மழை பெய்து மூன்றாம் நாளே உயிர்கள். எங்கிருந்து வந்தன?

மண்ணிலிருந்து. ரோட்டிஃபரின் உறக்க முட்டையும், நீர்த்தெள்ளின் சேணம் போன்ற உறைக்குள் இருக்கும் முட்டையும் வெயிலையும் வறட்சியையும் ஆண்டுக்கணக்கில் தாங்கும். தண்ணீரும் வெளிச்சமும் பட்டால் ஓரிரு நாளிலிருந்து பொரியத் தொடங்கும். கொஞ்சம் பறவைகளும் கொண்டுவரும். வெள்ளோடு, நஞ்சராயன் குளம் போன்ற இடங்களுக்குக் குளிர்காலத்தில் வரும் தட்டைவாயன் வாத்து, அலகின் சல்லடையால் நுண்விலங்குகளை வடித்துத் தின்பது. விழுங்கிய உறக்க முட்டைகளில் சில உயிரோடு எச்சத்தில் வெளியேறி அடுத்த குளத்தில் விழும்.

சோதித்துப் பாருங்கள். வறண்ட குளத்தின் மேல்மண் 2 செ.மீ. அளவுக்குச் சுரண்டி, 20 கிராம் எடுத்து அரை லிட்டர் மழைநீரில் போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டாம் நாள் முதல் ஏழாம் நாள்வரை தினமும் சொட்டெடுத்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் குளோரின் கொன்றுவிடும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் பொரிப்பு குறையும்.

அப்படியென்றால் வண்டல் மண் அள்ளக் கூடாதா?

அள்ளலாம், குளம் தூர்ந்துபோவதைவிட அது மேல். ஆனால் உயிருள்ள முட்டைகளில் பெரும்பகுதி மேலடுக்கில் சில செ.மீ. ஆழத்துக்குள்தான் இருக்கிறது. குளம் முழுவதையும் ஒரே கோடையில் மட்டமாகச் சுரண்டினால் அந்த விதையிருப்பு டிராக்டரோடு தோட்டத்துக்குப் போய்விடும். கரையோரப் பட்டையாகவும் நடுவில் சில திட்டுகளாகவும் தொடாமல் விட்டு வையுங்கள். முழுதும் எடுத்தாயிற்று என்றால், மேல்மண்ணில் சில சாக்குகளைத் தனியே உலர வைத்திருந்து மழைக்கு முன் திரும்பத் தூவலாம்.

மீன்குஞ்சுக் குட்டைக்கு எரு போட்டபின் எத்தனையாம் நாள் குஞ்சு விடுவது?

அதிகம் தவறு நடப்பது இங்கேதான், அதனால் விரிவாகவே சொல்கிறோம்.

பண்ணையிலிருந்து வரும் கட்லா, ரோகு, மிர்கால் நுண்குஞ்சு, பொரித்து மூன்று நான்கு நாள் ஆனது, சுமார் 6 மி.மீ. நீளம். அதன் வாய்க்குள் முதலில் நுழைவது ரோட்டிஃபரும் நாப்லியஸும்தான். சில நாளில் மொய்னாவை விழுங்கும். எருவிட்ட குட்டையில் உயிர்கள் வருவதும் இதே வரிசையில்தான்: முதலில் பாக்டீரியாவும் ஒருசெல் உயிர்களும், மூன்று முதல் ஐந்து நாளில் ரோட்டிஃபர் உச்சம், ஏறத்தாழ ஒரு வாரத்தில் மொய்னா, அதன்பின் கோப்பிபாட். ரோட்டிஃபர் ஏறிக்கொண்டிருக்கும்போது குஞ்சு இறங்கிவிட்டால், குஞ்சு வளர வளர இரையும் பெரிதாகும். பத்து நாள் தள்ளி விட்டால், வாய்க்கு அடங்காத மொய்னாவும், குஞ்சையே கடித்துக் காயப்படுத்தும் சைக்ளாப்ஸும், அதைவிடப் பொல்லாத நீர்ப்பூச்சிகளும்தான் காத்திருக்கும்.

அளவுகளுக்கு, இந்திய மீன்வளத்துறையில் வழக்கிலுள்ள ஹெக்டேர்க் கணக்கு: கடலைப் புண்ணாக்கு 750 கிலோ, சாணம் 200 கிலோ, சிங்கிள் சூப்பர் பாஸ்பேட் 50 கிலோ. 10 சென்ட் குட்டைக்கு முறையே 30, 8, 2 கிலோ என்று வரும்.

குட்டையை வற்றவிட்டு வெடிப்பு விழக் காயவைத்து, 10 சென்ட்டுக்கு 8–10 கிலோ சுண்ணாம்பு தூவுங்கள். தண்ணீரை வலை கட்டித்தான் விட வேண்டும், இல்லாவிட்டால் கீழ்பவானி வாய்க்கால் நீரோடு களை மீன்கள் வந்துவிடும். புண்ணாக்கை முதல்நாள் இரவே ஊறவைத்து, சாணத்தோடும் பாஸ்பேட்டோடும் கூழாகக் கரைத்து, பாதியை மட்டும் குட்டை முழுக்கத் தெளியுங்கள். குஞ்சு விடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு இதைச் செய்தால் போதும். மீதியை இரண்டு மூன்று தவணையாகப் பின்னால் இடுங்கள்.

குஞ்சு விடுவதற்கு 12–24 மணி நேரம் முன்பு, நீர்ப்பூச்சிகளை அழிக்க மலிவான எண்ணெய் 2.3 கிலோவும் சலவைச் சோப்பு 0.7 கிலோவும் கரைத்துத் தெளிக்கலாம், இதுவும் 10 சென்ட் கணக்கு. மேல்நீரில் எண்ணெய்ப் படலம் நிற்க வேண்டும். காற்று பலமாக வீசும் நாளில் படலம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். காற்று தணிந்த மாலையைத் தேர்ந்தெடுங்கள்.

விடுவதற்கு முன் 50 லிட்டர் வடிகட்டி, அடியில் படியும் உயிர்களின் அளவைப் பாருங்கள். 1–2 மி.லி. இருந்தால் விடலாம். ஆனால் அந்த 1 மி.லி.யில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். பாசிக் குழம்பாக இருந்தாலும் 1 மி.லி. என்றுதான் காட்டும். மண் குட்டையில் 10 சென்ட்டுக்கு 1.2 லட்சம் நுண்குஞ்சு தொடக்க அளவு. முதல் ஐந்து நாள் லட்சம் குஞ்சுக்குத் தினம் 600 கிராம், பிறகு 1.2 கிலோ என்று புண்ணாக்கு, தவிட்டுப் பொடி சரிபாதி கலந்து கொடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் 20–25 மி.மீ. வரும்.

தண்ணீர் நல்ல பச்சை. ஆனாலும் நாலாம் நாள் குஞ்சுகள் செத்தன. ஏன்?

பச்சை என்பது பாசியின் நிறம். குஞ்சு தின்பது பாசியைத் தின்னும் விலங்கை. புதுக் குட்டையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி யூரியா போட்டால் பாசி வரும், ரோட்டிஃபர் வராது. விதைக்க முட்டையோ வாய்க்கால் நீரோ இல்லையே. பக்கத்தில் செழிப்பான குட்டையிலிருந்து 50–100 லிட்டர் எடுத்து, 43 எண் துணியில் வடித்து ஊற்றுங்கள். ரோட்டிஃபரும் நாப்லியஸும் கீழே இறங்கும், முதிர்ந்த கோப்பிபாட்டும் பூச்சிகளும் துணியில் நிற்கும்.

இரண்டாவது காரணம் அம்மோனியா. நாமக்கல் பக்கம் கோழி எரு மலிவு என்று வாரி இறைப்பார்கள். 30 டிகிரியில் pH 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. பாசி அடர்ந்து பிற்பகலில் pH 9 ஆனால் அது பாதியை நெருங்கும். காலையில் மட்டும் pH பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்வது வீண். மாலை 3–4 மணிக்குப் பாருங்கள்.

மூன்றாவது, மேகமூட்டம். ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் வெயில் இல்லாவிட்டால் எருவும் பாசியும் இரவில் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். விடியற்காலை குஞ்சு மேலே வந்து வாய் பிளக்கும். அந்த நாட்களில் அடுத்த தவணை எருவை நிறுத்துங்கள்.

குட்டையில் ரோஜாச் சிவப்பாகத் திட்டுத் திட்டாக மிதக்கிறது. நோயா?

மொய்னா. ஆக்சிஜன் குறையும்போது அது ஹீமோகுளோபின் கூட்டிச் சிவக்கும். குஞ்சுக்கு நல்ல இரை, குட்டைக்கு எச்சரிக்கை.

தொட்டியில் மொய்னா வளர்ப்பது எப்படி?

100–500 லிட்டர் சிமெண்ட் அல்லது பிளாஸ்டிக் தொட்டி, அரை நிழல். மாநகராட்சிக் குழாய் நீர் என்றால் இரண்டு நாள் திறந்துவைத்துக் காற்றடியுங்கள், அல்லது சோடியம் தயோசல்பேட் போடுங்கள். லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் உள்ள 100 லிட்டருக்கு 0.7 கிராம் போதும். 100 லிட்டருக்கு 2–4 கிராம் பேக்கரி ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றி, லிட்டருக்கு 25 மொய்னா என்ற கணக்கில் விடுங்கள். 4–7 நாளில் முதிரும். அதன்பின் ஒன்றரை, இரண்டு நாளைக்கு ஒருமுறை குட்டி போடும். தினம் கால்பங்குக்கு மேல் அறுவடை வேண்டாம்.

திடீரென்று தொட்டி காலியாவதற்குப் பெரும்பாலும் ஈஸ்ட்டை அள்ளிப் போட்டதே காரணம். நீர் பால் போல் வெளுத்து நாறினால் பாதியை மாற்றுங்கள். மொய்னாக்கள் வெளிறி, முதுகுப் பை காலியாக இருந்தால் பட்டினி. சேணம் போன்ற கரும் உறைகள் மேலே மிதந்தால் நெரிசல். அவற்றை உலர்த்தி வைத்துக்கொண்டால் அடுத்த முறை விதைக்கு ஆகும்.

ரோட்டிஃபரைத் தனியே வளர்ப்பது இதைவிடக் கடினம். மொய்னா ஒன்று விழுந்தாலே போதும், இரையைத் தின்று ரோட்டிஃபரைப் பட்டினி போட்டுவிடும். குளோரெல்லா என்ற ஒருசெல் பாசி வளர்ந்த பச்சைநீர்தான் அதற்குச் சிறந்த உணவு. தினமும் நூறு பெண்களை எண்ணுங்கள். முட்டை சுமப்பவை 20–30க்குக் கீழே இறங்கினால் இன்னும் ஓரிரு நாளில் கூட்டம் சரியும் என்று கொண்டு, புதுத் தொட்டிக்கு மாற்றத் தொடங்குங்கள்.

குளம் முழுக்கப் பச்சைப் பெயிண்ட் ஊற்றியது போல் பாசி. ஜிலேபிக் கெண்டை விட்டால் தின்றுவிடுமா?

பெரும்பாலும் நிலைமை மோசமாகும். ஜிலேபிக் கெண்டை நீரை வடித்து நுண்விலங்குகளையும் தின்னும், அடிமண்ணையும் கிளறும். பாசியை மேய ஆளில்லாமல் போகும், மண்ணிலிருந்த பாஸ்பரஸ் தண்ணீருக்கு வரும். கோவையின் நகரக் குளங்களில் மிதக்கும் பச்சையில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியின் கூட்டங்கள் உண்டு. அவை பெரிய உருண்டைகளாக இருப்பதால் நீர்த்தெள்ளால் விழுங்க முடியாது, சில நச்சும் சுரக்கும். சாக்கடை நுழைவது நிற்காமல் மேயும் உயிரை விடுவதால் பயன் இல்லை.

பக்கத்துக் காட்டில் பருத்திக்கு மருந்து அடித்தார்கள். அடுத்த வாரம் ரோட்டிஃபர் பெருகிவிட்டது. மருந்து நல்லதா?

நீர்த்தெள்ளு செத்ததால் ரோட்டிஃபர் பெருகியது. குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின் போன்றவை லிட்டரில் ஒரு மைக்ரோகிராமோ அதற்கும் குறைவோ கலந்தாலே நீர்த்தெள்ளைக் கொல்லும். ரோட்டிஃபர் அதைவிட எத்தனையோ மடங்கு தாங்கும். போட்டிக்கு ஆளில்லாததால் ஓரிரு வாரம் கொண்டாட்டம். நீர்த்தெள்ளு திடீரென்று மறைந்து ரோட்டிஃபர் மட்டும் மிஞ்சினால், மேட்டுக்காட்டில் என்ன தெளித்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள். பாசிக்கு மயில்துத்தம் போட்டாலும் நீர்த்தெள்ளுதான் முதலில் சாகும்.

நொய்யலில் சாயக் கழிவு கலந்த இடங்களில் நுண்விலங்குகள் இருக்குமா?

சாயப்பட்டறைக் கழிவில் நிறத்தைவிட நீடித்த தொல்லை உப்பு: சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும். நிறம் வெளிச்சத்தை மறைத்துப் பாசியைக் குறைக்கிறது. உப்பு, நன்னீர் இனங்களை ஒவ்வொன்றாக வெளியேற்றுகிறது. லிட்டருக்குச் சில கிராம் என்ற அளவுக்கு ஏறினால் நீர்த்தெள்ளில் பலவும் போய்விடும், பிரக்கியோனஸ் பிளிகாட்டிலிஸ் குழு போன்ற உப்பு தாங்கும் சில இனங்கள் மட்டும் கூட்டமாக நிற்கும். எண்ணிக்கை அதிகம் என்பதால் தண்ணீர் தேறிவிட்டது என்று நினைக்க வேண்டாம், எத்தனை இனம் என்று பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் பூஜ்ஜியக் கழிவு வெளியேற்றம் இல்லாத பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரத்துப்பாளையம் அணைப்பகுதியிலோ அதற்குக் கீழோ மாதிரி எடுப்பவர்கள் டிடிஎஸ் (நீரில் கரைந்த மொத்த உப்புகள்) அளவையும் அதே நாளில் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பட்டியல் எதற்கும் பயன்படாது.

பிரக்கியோனஸ் அதிகம் என்றால் தண்ணீர் கெட்டது என்று சொல்லலாமா?

ஸ்லாடெச்செக் என்ற ஆய்வாளர் 1983இல் ஒரு குறியீடு தந்தார்: பிரக்கியோனஸ் இனங்களின் எண்ணிக்கையை டிரைக்கோசெர்கா என்ற இன்னொரு ரோட்டிஃபர் வகையின் இனங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 1க்குக் கீழ் சத்துக் குறைந்த நீர், 1–2 நடுத்தரம், 2க்கு மேல் சத்து மிகுந்த நீர். அது ஐரோப்பாவில் உருவானது. வெப்ப நாடுகளில் பிரக்கியோனஸ் இனங்கள் இயல்பாகவே அதிகம் என்பதால், இங்கே எண் எப்போதும் மேலேதான் நிற்கும். ஒரே குளத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட உதவும். பவானிசாகரையும் உக்கடம் பெரியகுளத்தையும் இதை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள்.

குடிக்கும் கிணற்றில் சைக்ளாப்ஸ் துள்ளுகிறது. ஆபத்தா?

நரம்புச் சிலந்தி நோயின் புழுவைச் சுமந்ததாலேயே அதற்குக் கெட்ட பெயர். அந்த நோய் இந்தியாவில் ஒழிந்துவிட்டது. 2000இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இப்போது அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வெயிலும் இலைச்சருகும் விழும் திறந்த கிணறு என்பதற்கு அது சாட்சி. இரண்டாக மடித்த நெருக்கமான துணியில் வடித்துக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

கொசுவுக்கு இவை உதவுமா?

மீசோசைக்ளாப்ஸ் என்ற பெரிய கோப்பிபாட், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முதல்நிலைப் புழுவைப் பிடித்துத் தின்னும். வியட்நாமில் ஊர் ஊராகத் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டு ஏடிஸைக் கட்டுப்படுத்தினார்கள். பெரிய புழுவைத் தொடாது, கியூலெக்ஸ் கொசு நிறைந்த சாக்கடைக்கு ஒத்துவராது. தொட்டியை முழுதாகக் காலி செய்து கழுவினால் அதுவும் போய்விடும்.

மழைக்குட்டத்தில் மூன்று கண்ணோடு வால் நீண்ட ஓட்டுப்பூச்சி கிடைத்தது. இதுவும் மிதவை உயிரியா?

டிரையாப்ஸ். நீர்த்தெள்ளின் தூரத்துச் சொந்தம். கொஞ்ச நாளில் வற்றும் தேக்கத்தில் இரண்டு மூன்று வாரத்துக்குள் பிறந்து முட்டையிட்டு முடிக்கும். பெரும்பாலும் அடிமண்ணைக் கிளறித் திரிவதால் மிதவை உயிரி என்று சொல்வது கடினம். கூடவே மல்லாந்து நீந்தும் ஒளிபுகும் தேவதை இறாலும் (ஸ்ட்ரெப்டோசெபாலஸ்) கிடைக்கக்கூடும். மீன் உள்ள நீரில் இரண்டையும் தேட வேண்டாம்.